கடலுக்கு வாடகை உண்டோ?

விடுமுறையைக் கழிப்பதற்கும் இன்று விலைப்பட்டியல் வந்துவிட்டது. மலைக்குச் சென்றால் குதிரைக்கு இவ்வளவு, ஏரிக்குச் சென்றால் துடுப்புப் படகுக்கு இவ்வளவு என்று நம் பாட்டனார் காலத்திலும் கட்டணம் இருந்ததுண்டு. ஆனால் ஒரு படகை முழுவதுமாக, அதன் ஓட்டியோடும் தூண்டிலோடும் இரையோடும், ஒரு குடும்பத்துக்கென்றே வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கடலில் நின்று மீன் பிடித்து மகிழும் வழக்கம் நம்மவர்க்குப் புதிது. மாலத்தீவுக்கும் அந்தமானுக்கும் விடுமுறையில் சென்று வரும் வளைகுடாப் பிள்ளைகளின் வழியாகவே இவ்வழக்கம் நம் இல்லங்களின் பேச்சில் புகுந்திருக்கிறது. அரை நாள் என்றால் பெரும்பாலும் 4 மணி நேரம். முழு நாள் என்றால் 8 மணி நேரம். கைப்பேசியிலேயே பதிவு, கைப்பேசியிலேயே பணம். கரையில் சென்று நின்றால் படகு காத்திருக்கும்.

இதனைக் குறைகூற நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. கடல் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்ட ஒன்று. பரங்கிப்பேட்டையும் நாகூரும் காயலும் கீழக்கரையும் கடலை நம்பி வாழ்ந்த ஊர்கள். கடல் நமக்கு அந்நியமன்று. ஆயினும் வாடகை பேசி ஒரு படகில் ஏறும்போது நாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நலம். படகுக்கா? மீனுக்கா? கடலுக்கா? அன்றி வேறு எதற்கேனுமா?

மீன் பிடிப்பதை விளையாட்டாக்கி, அதற்குச் சட்டதிட்டமும் வகுத்தவர்கள் மேனாட்டார். அமெரிக்காவின் கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் கேட்டலினா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே 1898ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் என்பவர் 'டூனா கிளப்' என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். கனத்த கயிற்றைக் கட்டி, வகைதொகையின்றி மீன்களை இழுத்துப் போடுவது வீரமாகாது; மெல்லிய நரம்பும் கோலும் கொண்டு, மீனுக்கும் தப்பிச் செல்ல ஒரு வாய்ப்பளித்துப் பிடிப்பதே விளையாட்டு என்பது அச்சங்கத்தின் கொள்கை. 1939இல் உலக அளவில் இத்தகைய மீன்வேட்டைக்கென ஓர் அமைப்பு எழுந்து, விதிகளையும் எடைப் பதிவுகளையும் ஒழுங்குபடுத்தியது. இன்று அந்தமான் கடலில் பெரும் பாரை மீனைத் தேடி வரும் வெளிநாட்டவர்கள், பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நம் கடலூர்க் கரையில் நிலைமை வேறு. இங்கே தூண்டில் ஒரு விளையாட்டுக் கருவியன்று; அடுப்பெரிவதற்கான ஆதாரம். கடலூர் நகரின் கீழ்த்திசையில், கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி, தேவனாம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. மாலை வேளைகளில் மக்கள் கூடும் வெள்ளிக் கடற்கரை அங்கேதான். ஆற்றோரத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன.

இந்தக் கோட்டைக்கும் நம் பொருளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1690ஆம் ஆண்டில், எலிஹு யேல் சென்னை ஆளுநராக இருந்தபோது, ஆங்கிலக் கும்பினியார் இக்கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம்? அதற்கு அளவுகோல் பீரங்கி! கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவில் சென்று விழுகிறதோ, அதற்குட்பட்ட ஊர்கள் எல்லாம் வாங்கியவர்க்கு. அவ்வாறு கைமாறிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் பெற்றன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின், 1752 வரை ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக விளங்கியதும் இதே தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். விலை தெளிவு, பொருள் தெளிவில்லை. பொருளின் அளவு குண்டு விழும் இடத்தைப் பொறுத்தது. இத்தகைய பேரத்தில் ஆதாயம் அடைபவன் பீரங்கியைக் கையில் வைத்திருப்பவனே. இதனை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில், துபாயிலிருந்து நம் மைத்துனர் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தார். முந்தைய ஆண்டு மாலத்தீவில் தனிப்படகு அமர்த்தி மீன் பிடித்த இன்பம் அவர் நாவில் தித்தித்துக்கொண்டே இருந்தது. "மச்சான், நம்ம ஊர்க் கடலிலே இல்லாத மீனா? தேவனாம்பட்டினத்திலே ஒரு படகைப் பேசிவிட்டால் போதும்; பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாள் கடலில் இருந்துவிட்டு வரலாம்" என்றார். பெரியவர்கள் நால்வர், சிறுவர் ஐவர், ஆக ஒன்பது பேர். வண்டியில் போய்க்கொண்டிருக்கையில் பன்னிரண்டு வயது மருமகன், "மாமா, மீன் ஒண்ணுமே கிடைக்கலேன்னா காசைத் திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டான். சிரித்துவிட்டுக் கடந்து செல்லக்கூடிய கேள்விதான். ஆயினும் அதற்குள் நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசிய ஒரு விஷயம் அடங்கியிருந்ததால், வழி நெடுக அதைப் பற்றியே பேசிச் சென்றோம்.

நீருக்குள் நீந்திக்கொண்டிருக்கும் மீனை விற்பது செல்லாது என்பர் மார்க்க அறிஞர்கள். வலையின் அடுத்த வீச்சில் என்ன விழுகிறதோ அது உனக்கு என்றோ, முத்துக் குளிப்பவன் அடுத்த மூழ்கலில் எதை எடுத்து வருகிறானோ அது உனக்கு என்றோ முன்கூட்டியே விலை பேசுவதும் கூடாது. ஏன்? கையில் இல்லாத பொருள். அளவு தெரியாத பொருள். கிடைக்குமா கிடைக்காதா என்பதே தெரியாத பொருள். வாங்குபவன் ஏமாறலாம், விற்பவனும் ஏமாறலாம். இந்த நிச்சயமின்மையை அரபியில் 'ஙரர்' என்பார்கள். பீரங்கிக் குண்டை எறிந்து நிலம் அளந்தார்களே, அது இதன் மூத்த அண்ணன்!

வாடகையும் கூலியும் வேறு வகை. ஒருவருடைய படகை, அவருடைய உழைப்பை, இன்ன நேரத்துக்கு, இன்ன தொகைக்கு என்று பேசி அமர்த்திக்கொள்வது 'இஜாரா'. அதில் நேரம் தெரிந்திருக்க வேண்டும். வேலை தெரிந்திருக்க வேண்டும். கூலி தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் தெளிவாக இருந்தால் உடன்பாடு செம்மையாகும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருடைய கூலி அவருக்கு உரியது. "அப்போ நாம மீனுக்குக் காசு தரலை, அவர் கூட வர்றதுக்குத் தர்றோம்" என்று பையன் தானே முடிவு கட்டினான். அஃதே சரியான முடிவு என்று நாமும் ஒப்புக்கொண்டோம்.

தேவனாம்பட்டினத்துக் கரையில் கட்டுமரங்கள் ஆட்சி செய்த காலம் போய், இன்று இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் மணலில் வரிசையாக நிற்கின்றன. ஒரு படகின் நிழலில் அமர்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த, ஐம்பதைக் கடந்த ஒருவரை அணுகி, நம் மைத்துனர் செய்தியைச் சொன்னார். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமலே நம் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார்; கடலை ஒருமுறை பார்த்தார்.

"முடியாது பாய்" என்றார்.

"கூலியைக் கூட்டித் தருகிறோம் அண்ணே" என்றார் மைத்துனர்.

"காசு கூடினா படகு அகலமாயிடுமா பாய்? இது தொழில் படகு. வலை ஏத்த, மீன் ஏத்தத்தான் பதிவு. ஆளை ஏத்திக் காசு வாங்கினா நாளைக்குப் படகையே பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்க. அதுகூடப் பரவாயில்லை. இத்தனை பிள்ளைங்களை வச்சிக்கிட்டு, அலை உடையற இடத்தைத் தாண்டறப்ப ஒண்ணு ஆயிடுச்சின்னா, நான் யாருக்குப் பதில் சொல்றது?"

மைத்துனரின் முகம் வாடியது. "மாலத்தீவிலே இப்படியெல்லாம் சொல்லமாட்டார்கள்" என்று நம் காதருகே முணுமுணுத்தார். அங்கே பயணிகளை ஏற்றுவதற்கென்றே உரிமம் பெற்ற படகுகள், உயிர்காப்புக் கவசங்களோடு நிற்கின்றன என்பதையும், இங்கே நிற்பவை மீன்பிடித் தொழிலுக்கான படகுகள் என்பதையும் எடுத்துச் சொன்னோம்.

அந்தப் படகுக்காரர் சொன்னது வெறும் தயக்கமன்று. தமிழ்நாட்டின் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983ஆம் ஆண்டில் வந்தது. மீன்பிடிப் படகாகப் பதிவு பெற்றது அத்தொழிலுக்கே உரியது. கட்டணம் பெற்றுக்கொண்டு உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்கு அது உரிமை தராது. விசைப்படகுகள் கரையை ஒட்டிய நீர்ப்பகுதியில் மீன் பிடிக்கலாகாது என்பதும், அந்நீர்ப்பகுதி பாரம்பரிய மீனவர்க்கு உரியது என்பதும் அச்சட்ட ஏற்பாடுகளே. இவையன்றி, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலமென்று, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கீழைக்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு.

சட்டத்தை விடவும் கடுமையான சான்றுகள் இருக்கின்றன. 2011 டிசம்பர் 25 அன்று, பழவேற்காடு ஏரிக்கு உல்லாசமாகச் சென்ற குடும்பத்தினர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7ஆம் நாள், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துத் தானூரில், இருட்டிய பின்னும் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. அங்கும் மாண்டவர் 22 பேர். அவர்களுள் பலர் குழந்தைகள். 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அந்தப் படகு ஒரு மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றியிருந்தது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டணம் கொடுத்து ஏறியவர்கள்தாம் அவர்கள். நம்மைப் போன்ற குடும்பத்தார். நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களையே தாங்கிய பிள்ளைகள். அன்று அங்கே "முடியாது" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அத்தனை வீடுகளில் ஒரே நாளில் ஜனாஸா புறப்பட்டிராது.

தேவனாம்பட்டினத்தாருக்கும் கடலின் மறுமுகத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை புகுந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கரை கடந்ததும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலேதான். கடலூர்த் துறைமுகத்தில் இன்ன எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று வானொலியில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 1 முதல் 11 வரை எண்ணுள்ள அந்தக் கூண்டுகளின் பொருளை, நம்மில் பலர் செய்தியாகக் கேட்கிறோம். அவர்கள் வாழ்க்கையாகக் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். கப்பலைச் செலுத்துபவரை நாம் 'மாலுமி' என்கிறோம். அது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர் என்று பொருள். படகைத் திருப்பும் 'சுக்கான்' என்பதும் அரபு தந்த சொல்லே. அரபு வணிகரும் தமிழ் மரைக்காயரும் இக்கரையில் கலந்து வாழ்ந்த காலத்தில், மஹ்மூது பந்தர் என்று பரங்கிப்பேட்டை பெயர் பெற்றிருந்த காலத்தில், நம் மொழியில் இச்சொற்கள் கரையேறின. சரக்குக்கு உரிமையாளர் பெருஞ்செல்வராக இருக்கலாம். கப்பலே அவருடையதாக இருக்கலாம். ஆயினும் பாய் விரிக்கலாமா, கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியர் ஸ்தானத்தில் இருந்த மாலுமிதான். வாடகை கொடுத்ததனாலேயே மாணவன் ஆசிரியருக்கு ஆசிரியனாகிவிட முடியாது.

இதனைச் சொன்னபோது மைத்துனரின் முகம் தெளிந்தது. அவர் மீண்டும் படகுக்காரரிடம் சென்று, "அப்படியானால் பிள்ளைகள் மீன் பிடிக்க வழியே இல்லையா அண்ணே?" என்று கேட்டார். "மீன் பிடிக்கறதுக்குப் படகு எதுக்குப் பாய்? கரையில நின்னு போடுங்க. நான் கூட வர்றேன்" என்றார் அவர். உடனே பேசி முடித்தோம்: காலை 7 மணி முதல் 11 மணி வரை; இரையும் நரம்பும் தூண்டில் முள்ளும் அவருடையவை; கூலி இவ்வளவு; விழும் மீன் நமக்கு; லுஹர் தொழுகைக்கு முன் புறப்பாடு. ஐயத்துக்கு இடமில்லாத இஜாரா.

அந்த நான்கு மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றது ஏராளம். ஈயக் குண்டு கட்டிய நரம்பைத் தலைக்குமேல் சுழற்றி எறியும்போது, பின்னால் நிற்பவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று முதலில் கற்பித்தார். தென்றிசையிலிருந்து வீசுவது சோழகம், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று காற்றுகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். "காலையில கச்சான் அடிக்கறப்ப கடல் குளம் மாதிரி தெரியும். சின்னப் படகை வெளியில தள்ளிக்கிட்டே போகும். போறது சுளுவு, திரும்பறதுதான் வேலை" என்றார். துபாயில் வளர்ந்த பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதல் மீனாக ஒரு கெளுத்தி சிக்கியது. மருமகன் ஆவலோடு கையை நீட்டினான். அவர் அதட்டி நிறுத்தினார். முதுகிலும் பக்கங்களிலும் இருக்கும் முட்கள் குத்தினால் நஞ்சேறிக் கடுத்து வலிக்கும் என்று சொல்லி, முட்களை ஒடித்த பின்னரே பையனிடம் கொடுத்தார். அதன்பின் வெள்ளி போல் மின்னும் கிழங்கான்கள் நான்கு கிடைத்தன. வஞ்சிரமும் இல்லை, பாரையும் இல்லை. ஒன்பது பேருக்கு ஐந்து மீன்! ஆயினும் பதினொரு மணிக்குக் கூலியை எண்ணி அவர் கையில் கொடுத்தபோது, "மீன் கம்மியாப் போச்சே" என்று அவர்தாம் வருந்தினாரே தவிர, பிள்ளைகளுள் ஒருவரும் வருந்தவில்லை. "நாம மீனுக்குத் தரலையே மாமா" என்று மருமகன் நமக்கே நினைவூட்டினான்.

பிடித்ததை மீண்டும் கடலில் விட்டுவிடலாமா என்றும் பிள்ளைகள் கேட்டார்கள். இதுபற்றி நம் எண்ணம் எளிது. உயிருள்ள எதனையும் இலக்காக நிறுத்தி விளையாடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உண்பதற்குப் பிடிப்பது வேட்டை. வாயில் முள்ளைக் குத்தி இழுத்து, படம் எடுத்து, விட்டு, மறுபடியும் குத்துவது நம் உள்ளத்துக்கு உவப்பானதாக இல்லை. எனவே பிடித்ததை உண்போம். மிகச் சிறிய குஞ்சு சிக்கினால் காயமின்றி விடுவோம். வயிற்றுக்குத் தேவையானது கிடைத்ததும் நரம்பைச் சுற்றி வைத்துவிடுவோம். அந்த ஐந்து மீனும் அன்று பகல் குழம்பாயின.

படகில் ஏறும் ஆசை பிள்ளைகளுக்கு மிச்சமிருந்ததல்லவா? மறுநாள் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சென்றோம். ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட சதுப்புநிலக் காடு. சுரபுன்னையும் தில்லையும் நீருக்குள் வேர்விட்டு நிற்கும் கால்வாய்கள். 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்த இடமென்று வீட்டுப் பெரியவர்கள் பூரித்தார்கள். அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் சீட்டு வாங்கி, ஆளுக்கொரு கவசம் அணிந்து, எண்ணி ஏற்றப்பட்ட படகுகளில் சென்று வந்தோம்.

வெளிநாட்டுத் தீவுகளில் தனிப்படகு அமர்த்த விரும்பும் குடும்பத்தாருக்கும் இதே நெறிதான். பணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பயணிகளை ஏற்ற அந்தப் படகுக்கு உரிமம் உண்டா? எத்தனை பேர் ஏறலாம்? அந்த எண்ணிக்கையில் கைக்குழந்தையும் சேர்த்தியா? குழந்தைகளின் அளவுக்குக் கவசம் இருக்கிறதா? நேரம் கரையிலிருந்து கணக்கா, மீன் பிடிக்கும் இடத்திலிருந்து கணக்கா? எரிபொருளும் இரையும் தூண்டிலும் வாடகையில் அடங்குமா? பிடித்த மீன் யாருக்கு? எந்த மீனைப் பிடிக்கத் தடை? மாலத்தீவில் 2010இல் சுறா வேட்டைக்குத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டில் திமிங்கலச் சுறா 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. காற்றும் மழையும் மிகுந்து பயணம் நின்றால் முன்பணம் திரும்புமா, வேறொரு நாள் தருவார்களா?

இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. பயணம் நின்றால் தமக்கு நட்டம் என்னும் நிலையில் இருக்கும் படகோட்டி, கெட்ட வானிலையிலும் புறப்பட்டுவிடக் கூடும். பணம் வீணாகிறதே என்று பயணியும் அவரை நெருக்கக் கூடும். எனவே, "கடல் சரியில்லை" என்று படகோட்டி சொன்னால் அவருக்கும் நட்டமில்லை, நமக்கும் பெரிய நட்டமில்லை என்னும்படியாக உடன்பாட்டை முன்னதாகவே அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு அமையாத இடத்தில், முன்பணம் போனாலும் போகட்டும் என்று கரையிலேயே நின்றுவிடுவது மேல்.

கடலுக்கு வாடகை இல்லை. அதனை அளந்து தர யாராலும் இயலாது. மீனுக்கும் முன்விலை இல்லை. நாம் கொடுப்பது கடலை அறிந்த ஒரு மனிதரின் நேரத்துக்கும் அறிவுக்குமான கூலி. "போகலாம்" என்பதும் "முடியாது" என்பதும் அந்த அறிவிலிருந்து வருவனவே. வரும் விடுமுறையில் எக்கரையில் நின்று படகு பேசினாலும், கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள், தவறில்லை. அவர் "முடியாது" என்று சொன்னபின் மட்டும் பேரம் பேசாதீர்கள்.